மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை

யூபிலி என்றதும் கொடியேற்றமும் தேர்ப்பவனியும், வெள்ளையடித்த கோபுரமும், பந்தலில் நடக்கும் அன்னதானமுமே நம் நினைவுக்கு வருகின்றன. அந்தச் சொல் பிறந்த இடத்திற்குச் சென்று பார்த்தால் வேறொன்று தெரிகிறது. பழைய ஏற்பாட்டில் லேவியர் ஆகமம் சொல்லும் யூபிலி ஐம்பதாம் ஆண்டு. அப்போது எக்காளம் ஊதப்படும். கைமாறிப் போன நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்பும். அடிமைப்பட்டவன் தன் உறவினரிடம் போய்ச் சேருவான். நிலத்தையும் உறவையும் ஒன்றாகச் சீர்செய்கிற ஆண்டு அது. நெல்லும் நீருமே வாழ்க்கையாகிவிட்ட நம் தஞ்சைத் தரணி மக்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. வரப்பு ஒரு சாண் நகர்ந்ததற்காக இரண்டு தலைமுறை பேசாதிருந்த பங்காளிகளை நாம் அறிவோம். மடை திறப்பதில் முன்பின் ஆனதற்காகக் கோர்ட்டுக்குப் போய், வென்றவரும் தோற்றவரும் ஒருசேர நிலத்தை விற்ற கதைகளும் நமக்குப் புதியனவல்ல. அவர்களிற் சிலர் ஞாயிறுதோறும் ஒரே கோவிலில், இடப்புறம் ஒருவரும் வலப்புறம் ஒருவருமாக அமர்ந்து, ஒரே அப்பத்தை உட்கொண்டு செல்வதையும் பார்த்திருக்கிறோம். நாமே அப்படி அமர்ந்தவர்கள்தாம் என்பதை மறைக்காமற் சொல்லிவிடுவது நல்லது.

மலைப்பொழிவில் நம் ஆண்டவர் இந்தக் காரியத்தைச் சுற்றி வளைக்காமற் பேசியிருக்கிறார். சகோதரனுக்கு நம்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பீடத்தருகிலேயே வைத்துவிட்டு, முதலிற் போய் அவனோடு சமாதானம் செய்துகொள்ளச் சொன்னார். அதையடுத்து, நம்மேல் வழக்குத் தொடுத்தவனோடு நீதிபதியிடம் போகும் வழியிலேயே உடன்பட்டுக்கொள்ளவும் சொன்னார். அந்த வழி போய் முடிகிற இடத்தில், நீதிபதியின் நாற்காலியில், நம் காவிரிக்கரை ஊர்களில் பல ஆண்டுகள் அமர்ந்திருந்த ஒரு கத்தோலிக்கத் தமிழரின் வரலாறே இக்கட்டுரை. பீடத்தில் வைத்து வணங்கப்படும் புனிதரல்லர் அவர், துறவியுமல்லர். மனைவி மக்களோடு வாழ்ந்து, அரசாங்க உத்தியோகம் பார்த்து, தமிழில் நூல்கள் எழுதிய ஒரு பொதுநிலையினர். மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை என்று தமிழுலகம் அவரை அறியும். தமிழின் முதல் நாவலை எழுதியவர் என்று நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படித்திருப்பார்கள். அந்த ஒரு வரியோடு அவரை விட்டுவிட நமக்கு மனமில்லை.

வேதநாயகம் பிள்ளை 1826ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள குளத்தூரில், கத்தோலிக்க வேளாளர் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை; தாயார் ஆரோக்கிய மரியம்மாள். ஆங்கிலமும் தமிழும் கற்றுத் தேறிய பின் திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் பதிவேடுகளைக் காக்கும் வேலையில் அமர்ந்தார். பிறகு அங்கேயே மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார்.

அக்காலத்து நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரின் வேலையைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். மேலே அமர்ந்திருப்பவர் வெள்ளைக்கார நீதிபதி. கீழே கைகட்டி நிற்பவர் ஏதோ ஒரு கிராமத்துக் குடியானவர். ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்காது. நடுவில் நிற்பவர் ஒரு சொல்லைத் தவறவிட்டால் ஒரு குடும்பம் தெருவுக்கு வந்துவிடும்; கொலை வழக்கானால் உயிரே போய்விடும். இரு தரப்பார் சொல்வதையும் காதுகொடுத்துக் கேட்டு, தன் விருப்பு வெறுப்பைக் கலக்காமல் அடுத்தவர்க்கு எடுத்துச் சொல்லும் பழக்கம் அவருக்கு அங்கேதான் ஏற்பட்டிருக்க வேண்டும் என்பது நம் எண்ணம். பிற்காலத்தில் அவர் செய்தவையெல்லாம் ஒருவகையில் இந்த வேலையின் தொடர்ச்சியே.

1857ஆம் ஆண்டு அவர் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். பின் சீர்காழி, அதன் பின் மாயூரம். மாயூரத்தில் மட்டும் சுமார் 13 ஆண்டுகள் இருந்ததால் அந்த ஊர்ப் பெயரே அவருடைய அடையாளமாயிற்று.

தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் 1620இல் கோட்டை கட்டி, 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போன ஊர். 1706இல் சீகன்பால்கு வந்திறங்கிய நாள் முதல் புராட்டஸ்டண்டு சபையின் தலைவாசலாக விளங்கிய ஊரும் அதுவே. அந்தச் சபையாரை மறுத்து நம் வீரமாமுனிவர் ஏலாக்குறிச்சியிலிருந்து வேதவிளக்கம், பேதகமறுத்தல் முதலிய நூல்களை எழுதியிருக்கிறார். அவர்களும் சும்மாயிருக்கவில்லை. கிறிஸ்துவின் பெயரைத் தாங்கிய இரு சாரார் தமிழில் இப்படி எழுதிக்கொண்டதை அயலார் படித்து என்ன நினைத்தார்களோ! அந்த ஊரின் நீதிபதி நாற்காலியில் முதன்முதலாக அமரச் சென்றவர் ஒரு கத்தோலிக்கர்.

வெளியாரோடு மட்டுமன்று, நமக்குள்ளேயும் பிளவு இருந்த காலம் அது. நம் பங்கிலுள்ள முதியோர் சிலர் தங்கள் பாட்டனார் வாயிலாகக் கோவா மிஷன், பிரெஞ்சு மிஷன் என்ற சொற்களைக் கேட்டிருக்கக்கூடும். போர்த்துக்கல் அரசருக்குத் திருச்சபை தந்திருந்த பதுரவாதோ உரிமையின் கீழ் மயிலாப்பூரையும் கோவாவையும் சார்ந்திருந்த குருக்கள் ஒருபுறம். உரோமைப் பிரச்சார சபை நேரடியாக அனுப்பிய குருக்கள் மறுபுறம். 1838இல் திருத்தந்தை 16ஆம் கிரகோரியார் பிறப்பித்த ஆணைக்குப் பின் இந்தச் சச்சரவு முற்றியது. ஒரே ஊரில் இரு தரப்புக்கும் தனித்தனிக் கோவில், தனித்தனிச் சாமியார் என்ற நிலை வந்தது. சம்பந்தம் செய்துகொண்ட குடும்பங்களும் இதனால் பிரிந்தன. கோவில் யாருக்குச் சொந்தம் என்ற வழக்குகள் அந்நிய அரசாங்கத்தின் நீதிமன்றங்களுக்குப் போயின. 1886இல் திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் போர்த்துக்கலோடு செய்த உடன்படிக்கைதான் இதற்கு ஒரு முடிவு கட்டத் தொடங்கியது. வேதநாயகம் பிள்ளைக்கு அப்போது வயது 60. ஆக, பன்னிரண்டு வயதிலிருந்து முதுமை வரை, தம் சொந்தத் திருச்சபையின் பிள்ளைகள் ஒரே விசுவாசத்தைச் சொல்லிக்கொண்டு இரண்டு பட்டு நின்றதைப் பார்த்தபடியே வாழ்ந்தவர் அவர். சமரசம் என்ற சொல் அவருடைய நூல்களில் திரும்பத் திரும்ப வருவதை வெறும் புலமை என்று எண்ணிவிடக் கூடாது.

இனி முன்சீப் கோர்ட்டுக்கு வருவோம். முன்சீப் கோர்ட் என்பது கொலை, கொள்ளைக்கான இடமன்று. கடன் பத்திரம், பாகப்பிரிவினை, குத்தகைப் பாக்கி, வேலித் தகராறு, வாய்க்கால் உரிமை ஆகியவையே அங்கு வரும். அதாவது வாதியும் பிரதிவாதியும் ஒருவரையொருவர் அறியாதவர்களாக இருப்பது அபூர்வம். அண்ணனும் தம்பியும் வருவார்கள். மாமனும் மருமகனும் வருவார்கள். பக்கத்து வயல்காரர் வருவார். தீர்ப்பு சொல்லிவிடலாம். தீர்ப்புக்குப் பிறகும் அவர்கள் அதே தெருவில்தானே வாழ வேண்டும்? 1859ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டம் இதை உணர்ந்தே, கட்சிக்காரர்கள் தமக்குள் சமாதானமாகிவிட்டால் அதைப் பதிவுசெய்து வழக்கை முடிக்கவும், மத்தியஸ்தர்களிடம் விடவும் இடம் தந்தது. இதற்கு ராஜியாவது என்று பெயர். அதற்கான மனுவை அக்காலத்தில் ராஜிநாமா என்றார்கள். இன்று வேலையை விடுவதற்கு அந்தப் பெயரை வைத்துவிட்டோம். மொழி போகிற போக்கு வேடிக்கையானது!

அந்தச் சட்டம் வந்த 1859ஆம் ஆண்டிலேயே வேதநாயகம் பிள்ளையின் நீதிநூலும் அச்சாகி வெளிவந்தது. பெற்றோர் கடமை, உடன்பிறந்தார் இயல்பு, கணவன் மனைவியர் இயல்பு, பொய், களவு, கைக்கூலி என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, எளிய செய்யுள்களில் அமைத்த நூல் அது. பகலெல்லாம் கோர்ட்டில் பார்த்த குற்றங்களை இரவில் விளக்கின் முன் அமர்ந்து பாட்டாக எழுதினார் போலும். உடன்பிறந்தாரைப் பற்றித் தனியே ஓர் அதிகாரம் ஏன் என்று கேட்பவர், பாகப்பிரிவினை வழக்குகளைப் பார்த்தறியாதவராகத்தான் இருக்க வேண்டும். கைக்கூலியை, அதாவது லஞ்சத்தை, அவர் சாடுகிற சாட்டத்தைப் படித்தால் இன்றும் சிலருக்கு முகம் சிவக்கும். லஞ்சம் வாங்கும் நீதிபதி செய்யும் பெரிய கேடு பணம் பறிப்பதன்று. தோற்றவனுக்குத் தன் தோல்வியை ஏற்றுக்கொள்ள வழியில்லாமற் செய்துவிடுவதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது. நியாயமாகத் தோற்றவன் என்றாவது சமாதானத்துக்கு வருவான். அநியாயமாகத் தோற்கடிக்கப்பட்டவன் வரவே மாட்டான்.

1862இல் அவர் செய்த மற்றொரு காரியம் பலருக்குத் தெரியாது. சென்னையின் மேல்நீதிமன்றமாக இருந்த சதர் அதாலத்து 1805 முதல் 1861 வரை வழங்கிய தீர்ப்புகளைத் திரட்டித் தமிழாக்கி, சித்தாந்த சங்கிரகம் என்ற பெயரில் வெளியிட்டார். சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் குடிமக்கள் தாங்களே படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்பது நோக்கம். சட்டம் தெரியாதவன்தான் பக்கத்து வீட்டுக்காரனைக் கண்டு பயப்படுகிறான். அந்தப் பயத்தில்தான் முந்திக்கொண்டு வழக்குப் போடுகிறான். கட்சிக்காரர்களுக்கு விளங்காத ஆங்கிலத்தில் வக்கீல்கள் வாதாடுவதையும் அவர் வெறுத்தார். தமிழ் நாட்டுக் கோர்ட்டுகளில் தமிழே வழங்க வேண்டும் என்று பிற்காலத்தில் தம் நாவலுக்குள்ளேயே ஒரு பிரசங்கம் போல் எழுதிவைத்தார்.

இவ்வளவு செய்தவர் 1872ஆம் ஆண்டையொட்டி உத்தியோகத்திலிருந்து விலகினார். உடல்நலக் குறைவும், மேலதிகாரி ஒருவரோடு ஏற்பட்ட மனக்கசப்பும் காரணம் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். அதிகாரியின் கால்பிடித்து நாற்காலியைக் காப்பாற்றிக்கொள்ள அவர் முற்படவில்லை. இதைப் படித்தபோது நமக்கு முதலில் நெருடலாயிருந்தது. சமரசம் பேசியவர் இங்கே ஏன் வளைந்து கொடுக்கவில்லை? யோசித்துப் பார்க்கையில் ஒன்று விளங்கியது. செய்யாத தவற்றைச் செய்ததாக ஒப்புக்கொண்டு பதவியைத் தக்க வைப்பதற்கும், ஒப்புரவு ஆவதற்கும் நெடுந்தூரம். பணிந்துபோவதைச் சமாதானம் என்று சொல்லிச் சொல்லியே நம் ஊர்களில் எத்தனையோ எளியவர்களின் வாயை அடைத்திருக்கிறோம்.

உத்தியோகம் போனபின்னும் அவர் மாயூரத்தை விட்டுப் போகவில்லை. அந்நகரசபையின் தலைவராகவும் பணிபுரிந்தார். இக்காலத்தில்தான் அவருடைய நட்பு வட்டம் நன்றாக வெளிச்சத்துக்கு வருகிறது.

மாயூரத்துக்கு அருகில் திருவாவடுதுறை ஆதீனம் இருக்கிறது. சைவ உலகின் பெரிய மடங்களில் ஒன்று. அதன் தலைவராக அப்போது இருந்தவர் மேலகரம் சுப்பிரமணிய தேசிகர். ஆதீன வித்துவானாக இருந்தவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. தலபுராணங்கள் பாடுவதையே வாழ்க்கையாகக் கொண்ட சைவர். இவருக்கும் வேதநாயகம் பிள்ளைக்கும் நெருங்கிய நட்பு. வேதநாயகம் பிள்ளையைப் பாட்டுடைத் தலைவராக வைத்து மகாவித்துவான் குளத்துக்கோவை என்ற நூலையே பாடினார். நெற்றி நிறையத் திருநீறு அணிந்த ஒரு புலவர், கழுத்தில் செபமாலை அணியும் குடும்பத்தில் பிறந்த ஒருவரைத் தலைவராக வைத்து நூறு நூறாகச் செய்யுள் பாடுவது எளிய காரியமன்று. வேதநாயகம் பிள்ளையும் தேசிகரைப் பாராட்டிச் செய்யுள்கள் எழுதி அனுப்பினார். அவை மடத்தில் படிக்கப்பட்டன. 1871இல் மாயூரத்துக்கு வந்து மகாவித்துவானிடம் மாணவராகச் சேர்ந்த உ. வே. சாமிநாதையர் இவற்றையெல்லாம் கண்ணாற் கண்டு தம் சரித்திரத்தில் எழுதிவைத்திருக்கிறார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரும் அதே மாயூர வட்டாரத்தில் வாழ்ந்தவர். வேதநாயகம் பிள்ளையின் நண்பர்.

இதன் அருமை விளங்க, அதே காலத்தில் சுற்றிலும் நடந்ததையும் பார்க்க வேண்டும். 1854இல் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் கிறிஸ்தவப் பாதிரிமாருக்கு மறுப்பாகச் சைவதூஷணபரிகாரம் என்ற நூலை வெளியிட்டார். பிற சமயத்தாரின் தெய்வங்களை இழித்துப் பேசிய துண்டுப் பிரசுரங்கள் அதற்கு முன்பே நம் பக்கத்திலிருந்து போயிருந்தன என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நாவலர் 1864இல் சிதம்பரத்தில் பாடசாலை நிறுவினார். சிதம்பரத்துக்கும் மாயூரத்துக்கும் என்ன தூரம்? பிரசுரமும் மறுப்பும் அச்சுக்கூடங்களிலிருந்து பறந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில், அந்தக் காவிரிக்கரையில்தான் ஒரு கத்தோலிக்கரும் ஒரு சைவ மடாதிபதியும் ஒருவர்மேல் ஒருவர் அன்பு பாராட்டி வாழ்ந்தார்கள்.

தம் விசுவாசத்தை மறைத்துக்கொண்டுதான் இந்த நட்பைப் பெற்றாரா என்று யாரும் ஐயுற வேண்டியதில்லை. தேவமாதா அந்தாதி, பெரியநாயகி அம்மாள் பதிகம், திருவருள் மாலை என்று பக்தி நூல்களை எழுதியவர் அவர். தேவமாதாவுக்கு அந்தாதி பாடிய அதே கை சுப்பிரமணிய தேசிகருக்கும் செய்யுள் எழுதியது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சமயத்தாரோடு நம் உறவைப் பற்றிய ஏட்டை வெளியிட்டது 1965இல். அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு முன்சீப் அதை எந்த ஏடும் இல்லாமல் வாழ்ந்து பார்த்திருக்கிறார்.

ஆனாலும் ஒரு கேள்வி நமக்குள் எழாமலில்லை. மடாதிபதி, மகாவித்துவான், இசைப்புலவர் எல்லாரும் படித்தவர்கள்; ஊரில் மதிப்புள்ளவர்கள். சேற்றில் இறங்கி நாற்று நட்ட கூலி மக்களோடு அவருக்கு என்ன உறவு? நம் கோவில்களிலேயே சாதிக்கொரு பக்கம் என்று மக்கள் பிரிந்து உட்கார்ந்த காலம் அது. சில இடங்களில் சுவரே இருந்தது. இவ்விஷயத்தில் அவரை இக்காலத்துச் சீர்திருத்தவாதியாக்கிக் காட்ட நாம் முயலவில்லை. ஆனால் தாது வருஷப் பஞ்சம் வந்தது.

1876இல் தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய அந்தப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். காவிரி பாயும் நம் பகுதி வறண்ட மாவட்டங்களைப் போல் அடியோடு அழிந்துவிடவில்லை. நெல் இருந்தது, ஆனால் விலை ஏறிற்று. விலை ஏறியதால் கையில் நெல் வைத்திருந்தவர்களுக்கு ஆதாயம். கூலிக்கு நெல் வாங்கி உண்டவர்களுக்குப் பட்டினி. வெளியூர்களிலிருந்தும் மக்கள் சோறு தேடிக் காவிரிக்கரைக்கு வந்தார்கள். வேதநாயகம் பிள்ளை தம் கைப்பொருளைச் செலவிட்டுக் கஞ்சி ஊற்றினார். அதற்கு எந்தச் சாதி, எந்த வேதம் என்ற கேள்வியில்லை. பசித்து வந்தவர் எவரோ அவர் குடித்தார். நான்கைந்து ஆண்டுகளுக்கு முன்பே சம்பளம் நின்றுபோன மனிதர் செய்த காரியம் இது. இதைக் கண்டு மனமுருகிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனமே பாடினார். சிவபெருமானையும் சிதம்பரத்தையும் பாடிய வாய் அது; நந்தன் என்ற ஏழைப் பண்ணையாளின் துயரத்தைப் பாட்டாக்கிய வாய். அந்த வாயால் பாராட்டுப் பெற்றது பெரிய பட்டம்.

இவ்விடத்தில் சொல்லாராய்ச்சி ஒன்றை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். முன்பு நாம் பாவசங்கீர்த்தனம் என்று சொல்லிவந்த அருட்சாதனத்தை இப்போது ஒப்புரவு என்கிறோம். திருக்குறளில் ஒப்புரவறிதல் என்று ஓர் அதிகாரம் உண்டு. ஆனால் அங்கே ஒப்புரவு என்றால் சண்டைக்குப் பின் சமாதானமாவதன்று. தன்னிடம் உள்ளதை ஊரோடு பகிர்ந்து, உலக நடை அறிந்து உதவி வாழ்வது. நம் திருச்சபை இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது இந்தப் பழைய பொருளையும் எண்ணிப் பார்த்ததோ இல்லையோ, வேதநாயகம் பிள்ளையின் கஞ்சித் தொட்டியில் இரண்டு பொருளும் ஒன்றாயின. அறைக்குள் மண்டியிட்டுச் சொல்லும் சங்கீர்த்தனத்துக்கும் வாசலில் வந்து நிற்பவனுக்கு ஊற்றும் கஞ்சிக்கும் இடையே அவர் சுவர் வைக்கவில்லை.

பஞ்சம் முடியும் தறுவாயில், 1878இல், சர்வசமய சமரசக் கீர்த்தனைகள் வெளிவந்தன. கடவுளை எந்த ஒரு சமயத்தின் பெயரையும் சொல்லாமல், எல்லாரும் வாய்விட்டுப் பாடும்படி இராகதாளங்களோடு அமைத்த பாடல்கள். கடவுளைப் பற்றியவை மட்டுமல்ல. பஞ்சத்தில் தவிக்கும் மக்களுக்காக மன்றாடுவதும், உத்தியோகஸ்தருக்குப் புத்தி சொல்வதும் அவற்றில் உண்டு. சேர்ந்து பாடுகிறவர்கள் அந்த நேரத்திலாவது சண்டை போட முடியாது என்று கணக்கிட்டாரோ என்னவோ! கருநாடக சங்கீத மேடைகளில் அவருடைய கீர்த்தனைகள் சில இன்றும் ஒலிக்கின்றன.

அடுத்த ஆண்டு, 1879இல், பிரதாப முதலியார் சரித்திரம் அச்சாயிற்று. தமிழின் முதல் நாவல் என்ற பெருமையை விட்டுவிட்டு, அதில் நம் பங்கு மக்களுக்கு வேண்டிய ஓரிடத்தைச் சொல்கிறோம். பிரதாபனுக்கும் ஞானாம்பாளுக்கும் சிறுவயது முதலே அன்பு. திருமணம் பேசுகிறார்கள். எல்லாம் கூடிவரும் நேரத்தில், கலியாணத்துக்குப் பின் மாப்பிள்ளை யார் வீட்டில் இருப்பது என்பதில் இரு வீட்டுத் தந்தையரும் முறுக்கிக்கொள்கிறார்கள். பேச்சு முறிகிறது. பணமில்லாமல் அல்ல, பகையினால் அல்ல. யார் முதலில் இறங்கி வருவது என்ற ஒன்றுக்காக. பிள்ளைகள் இருவரும் அதற்குப் படாத பாடு படுகிறார்கள். பின்னர் ஆபத்துகள் வந்து, அவற்றைக் கடந்த பிறகே இரு குடும்பமும் ஒன்று சேருகின்றன. இந்தக் கட்டத்தை வேதநாயகம் பிள்ளை நகைச்சுவையாகத்தான் எழுதினார். வருஷக்கணக்கில் முன்சீப் கோர்ட்டில் இரு தரப்பாரின் முகத்தையும் பார்த்தவருக்குக் கோபத்தைவிடச் சிரிப்பே அதிகம் வந்திருக்கும். நம் வீடுகளில் சீர்வரிசைக்கும் பந்தி உபசாரத்துக்கும் முறிந்துபோன உறவுகளை எண்ணிக்கொண்டு படித்தால் அந்தச் சிரிப்பு கொஞ்சம் சுடும்.

பெண்கள் படிக்க வேண்டும் என்பதையும் அவர் விடாமல் எழுதினார். 1869இல் பெண்மதிமாலை வந்தது. 1887இல் சுகுணசுந்தரி என்ற மற்றொரு நாவல். ஞானாம்பாளைக் கணவனைவிட அறிவிற் சிறந்தவளாகப் படைத்து, ஆண் வேடத்தில் ஒரு நாட்டையே ஆளும்படி செய்தார். அக்காலத்தில் எத்தனை ஆண்கள் முகம் சுளித்தார்களோ நாம் அறியோம். தம் சொந்த வாழ்விலோ மனைவியைப் பறிகொடுக்கும் துயரத்தை ஒருமுறையல்ல, மீண்டும் மீண்டும் அனுபவித்தவர் அவர். மற்றவர் துயரத்தைப் பார்த்துக் கதவை மூடிக்கொள்ளாத மனம் அங்கிருந்தும் வந்திருக்கலாம்.

1889ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள் மாயூரத்தில் வேதநாயகம் பிள்ளை இறைவனடி சேர்ந்தார். அதற்குப் பத்தாண்டுகள் கழித்து, 1899இல், கும்பகோணம் மறைமாவட்டம் உருவாயிற்று. 1952இல் நம் தஞ்சை மறைமாவட்டம் மயிலாப்பூரிலிருந்து பிரிந்து தனித்து நின்றது. கோவா மிஷன், பிரெஞ்சு மிஷன் சண்டையை இப்போது விளக்கிச் சொன்னால்தான் நம் இளைஞர்களுக்குப் புரிகிறது. மாயூரத்தின் பெயரும் 1982இல் மயிலாடுதுறை என்று மாறிவிட்டது. அவர் பெயருக்கு முன்னால் மட்டும் மாயூரம் மாறவில்லை.

கடைசியாக நம் சொந்தக் காரியம் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் மயிலாடுதுறையில் ஒரு சைவ நண்பர் வீட்டுக் கலியாணம். மாலையில் கச்சேரி. இடமில்லாத கூட்டத்தில் கிடைத்த நாற்காலியில் அமர்ந்த பிறகே பக்கத்து நாற்காலியில் இருப்பவர் யார் என்று கவனித்தோம். நம் பெரியப்பா மகன். ஒரு மடைக்காக ஒன்பது வருஷம் நாம் பேசாதிருந்த அண்ணன். எழுந்து போனால் ஊர் பார்க்கும், உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. அப்போது பாடகர் ஒரு தமிழ்ப் பாட்டைத் தொடங்கினார். பாட்டு முடிந்ததும் அண்ணன் முன்னால் பார்த்தபடியே, இது யார் பாட்டு என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்பதில் நமக்கும் சந்தேகம்தான். மாயூரம் முன்சீப் பாட்டு என்றோம். நம்ம வேதக்காரரா என்றார். ஆம் என்றோம். சாப்பிடப் போகும்போது இலைக்கு இடம் பிடித்துவைத்தவர் அவரே.

வழக்கு இன்னும் கோர்ட்டில்தான் கிடக்கிறது. மடை மட்டும் இந்தக் குறுவைக்கு முறை வைத்துத் திறக்கப்பட்டது. ராஜி மனுவுக்கு வக்கீல் நகல் எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டு ஷரத்துகளில் இருவருக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. யூபிலித் தேர் தெருவுக்கு வருவதற்குள் கையெழுத்தாகிவிட வேண்டும் என்று இரண்டு வீட்டுப் பெண்களும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.